ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களில் பெண்மாந்தர் வலிமை: மாற்றுடையும் சொல்வன்மையும்

முன்னுரை

இன்பியல் நாடகங்களில் பெண்மாந்தர் வலிமை மிக்கவராகப் படைக்கப்பட்டுள்ளனர் என்பது இலக்கிய வகுப்புகளில் பெரும்பாலும் மறுப்பின்றி ஏற்கப்படும் கருத்தாகும். ஷேக்ஸ்பியரின் (1564–1616) போர்ஷியா, ரோசலிந்து, வயோலா, பியாட்ரிசு ஆகியோர் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவர். ஆயின், அவ்வலிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று வினவினால் வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்றுண்டு. அவர்கள் ஆணுடை அணிந்தனர். அவ்வுடை ஆணுக்குரிய உரிமையைச் சிறிது காலம் அவர்களுக்கு அளித்தது. இறுதியில் திருமணத்தின்பொருட்டு அதனைக் களைந்தபோது உரிமையும் நீங்கியது என்பதே அவ்விடை.

இவ்விடை எளிமையானது; கற்பித்தலுக்கும் வாய்ப்பானது. எனினும், இதனை ஏற்போமாயின் பெண்ணின் வலிமை இரவல் வாங்கிய வலிமையே என்னும் முடிவையும் உடன் ஏற்கவேண்டியதாகும். மாணவர் உள்ளத்தில் அத்தகைய முடிவு பதிவது சிறு செய்தியன்று. ஆதலின், அவ்விடை நாடகங்களுக்குப் பொருந்துமா என்பதை நான்கு நாடகங்களைக் கொண்டு நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். வெனிசு நகர வணிகன், விரும்பிய விதமே, பன்னிரண்டாம் இரவு, வெற்று ஆரவாரம் என்பன அந்நாடகங்கள். இவை நான்கும் ஏறத்தாழ 1596க்கும் 1602க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டவை என்பது அறிஞர் துணிபு.

நகைக்குப் பொருளும் நகைக்குக் காரணமும்

ஷேக்ஸ்பியரைத் தமிழ்நாடக மரபின் கண்கொண்டு நோக்கும் முயற்சி புதிதன்று. விபுலாநந்த அடிகள் தம் மதங்க சூளாமணியில் (1926) ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்கொண்டு, நாடகவியல் இலக்கணங்களோடு பொருத்தி விளக்கியுள்ளார். அவ்வழியைப் பின்பற்றி, தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் இரு மெய்ப்பாடுகளை நாமும் அளவுகோலாகக் கொள்ளலாம்.

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கன் அடியாகத் தோன்றும் என்பார் தொல்காப்பியர். பெருமிதமோ கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றின் அடியாகத் தோன்றுவது. மேடையில் ஒரு பெண் தோன்றி அவையினர் நகைக்கும்போது, அந்நகை அவளுடைய பேதைமை கண்டு எழுந்ததா, அன்றி அவள் பிறருடைய பேதைமையைப் புலப்படுத்தியதால் எழுந்ததா என்னும் வினா முதன்மையானது. முன்னதில் பெண் நகைக்குப் பொருளாகிறாள். பின்னதில் நகைக்குக் காரணமாகிறாள். இவ்வேறுபாடே நம் ஆய்வின் அடிப்படையாகும்.

ஷேக்ஸ்பியருக்கு முன்னோடியாக அமைந்த உரோம இன்பியல் நாடகங்களில் நாயகிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. பிளாட்டசின் நாடகங்கள் பலவற்றில் சூழ்ச்சி செய்து கதையை நடத்துபவன் அறிவுக்கூர்மையுள்ள அடிமை. நாயகி பெரும்பாலும் அடையப்படவேண்டிய பொருளாகவே நிற்கிறாள். காசினா என்னும் நாடகம் ஒரு பெண்ணின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. ஆயினும் அப்பெண் ஒருமுறையேனும் மேடைக்கு வருவதில்லை. பிளாட்டசை ஷேக்ஸ்பியர் நன்கு அறிந்திருந்தார்; அவருடைய தொடக்ககால நாடகமாகிய தவறுகளின் நகைமாலை பிளாட்டசின் மெனெக்மியைத் தழுவியது. ஆனால், மேற்கூறிய நான்கு நாடகங்களிலும் அறிவால் கதையை நடத்தும் பணியில் பெரும்பகுதி பெண்ணிடம் வந்து சேர்ந்துள்ளது. இம்மாற்றத்திற்கும் ஆணுடைக்கும் உள்ள தொடர்பு எத்தகையது என்பதை இனிக் காண்போம்.

அக்கால மேடையும் சட்டமும்

இந்நாடகங்கள் முதன்முதலில் நடிக்கப்பட்ட காலத்தில் இலண்டன் தொழில்முறை அரங்குகளில் பெண்கள் நடிப்பதில்லை. பெண்பாத்திரங்களைச் சிறுவர்களே ஏற்றனர். பெண்கள் தொழில்முறை நடிகையராக அங்கு மேடையேறும் நிலை 1660ஆம் ஆண்டின் இறுதியிலேயே உருவாயிற்று. எனவே, ரோசலிந்து ஆணுடை அணிந்தபோது, பெண்ணாக நடித்த சிறுவன் ஓர் ஆணாக நடிக்கும் பெண்ணாக நடிக்கவேண்டியிருந்தது. மாற்றுடை என்பது அம்மேடைக்கு வாய்ப்பான உத்தியுமாகும் என்பதை நாம் மறத்தலாகாது.

அக்கால ஆங்கிலப் பொதுச்சட்டத்தின்படி, மணமான பெண்ணின் சட்ட உரிமை கணவனது உரிமைக்குள் அடங்கிவிடும். அவளுடைய அசையும் பொருள்கள் அவனுக்கே உரியனவாகும். 1870, 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்களே இந்நிலையைப் பெரிதும் மாற்றின. இச்செய்தியை உளத்திற்கொண்டால்தான் போர்ஷியாவின் செயல் விளங்கும்.

போர்ஷியா: சட்டத்தைக் கற்றவள்

வெனிசு நகர வணிகனில் மிகுதியாகப் பேசும் பாத்திரம் போர்ஷியாவே. பலராலும் நினைவிற்கொள்ளப்படும் ஷைலாக் ஐந்து காட்சிகளில் மட்டுமே தோன்றுகிறான். பொன், வெள்ளி, ஈயம் ஆகிய மூன்று பேழைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுப்பவனையே போர்ஷியா மணக்கவேண்டும் என்பது இறந்துபோன அவள் தந்தையின் விருப்பம். இக்கட்டுப்பாட்டுக்குள் அடங்கி நிற்பவளாகவே அவள் நமக்கு முதலில் அறிமுகமாகிறாள்.

அந்தோனியோ 3,000 டக்கட் கடனுக்கு ஈடாகத் தன் உடலிலிருந்து ஓர் இறாத்தல் தசையைத் தர முறி எழுதிக்கொடுத்துள்ளான். தவணை தவறிவிட்டது. இளம் சட்ட அறிஞர் வேடத்தில் போர்ஷியா வழக்கு மன்றத்துள் நுழைகிறாள். அவளை உள்ளே நுழையவிட்டது ஆணுடை என்பதில் ஐயமில்லை. ஆனால், மன்றத்தில் ஆணுடை அணிந்தவர் பலர் இருந்தனர். கோமகனே நடுவராக வீற்றிருந்தான். அவர்களுள் ஒருவராலும் அந்தோனியோவைக் காக்க இயலவில்லை.

அவள் வாதம் படிப்படியாக வளர்கிறது. முதலில் இரக்கத்தை வேண்டுகிறாள். அது மறுக்கப்படுகிறது. சட்டத்தை வளைக்குமாறு பசானியோ வேண்டியபோது, ஒருமுறை வளைத்தால் அதுவே முன்மாதிரியாகிவிடும் என்று அவள் மறுக்கிறாள். மும்மடங்கு பணம் பெற்றுக்கொள்ள இசைவாயா என்று ஷைலாக்கைக் கேட்கிறாள். குருதிப்பெருக்கைத் தடுக்க மருத்துவர் ஒருவரையேனும் அருகில் வைத்திருக்கலாகாதா என்கிறாள். அது முறியில் எழுதப்படவில்லை என்கிறான் அவன். அவ்விடத்தில்தான் வழக்கு திரும்புகிறது. எழுத்தையன்றி வேறொன்றையும் ஏற்கமாட்டேன் என்று அவனே கூறிய பின், முறியில் தசை மட்டுமே எழுதப்பட்டுள்ளது, குருதி எழுதப்படவில்லை என்று அவள் சுட்டிக்காட்டுகிறாள். அவன் வற்புறுத்திய சொல்நுட்பமே அவனைக் கட்டிப்போடுகிறது. பதுவா நகரத்துச் சட்ட அறிஞர் பெல்லாரியோவிடமிருந்து குறிப்புகளைப் பெற்றுவர அவள் முன்னதாகவே ஆளனுப்பியிருந்தாள் என்பதும் கருதத்தக்கது. அவளது வெற்றிக்குப் பின்னால் ஆயத்தம் இருந்தது. அதுவே மெய்ப்பாட்டியல் கூறும் கல்வி வழிப்பட்ட பெருமிதம்.

இவ்வெற்றியின் இருண்ட பக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. ஷைலாக் பொருளை இழப்பதோடு மதம் மாறவும் கட்டாயப்படுத்தப்படுகிறான். மதமாற்றத்தைக் கோருபவன் அந்தோனியோ. எனினும், போர்ஷியா அதனைத் தடுக்கவில்லை. இரக்கத்தைப் பற்றி அத்துணை அழகாகப் பேசியவளின் இரக்கத்திற்கு எல்லையிருந்தது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் தயங்காது பேசவேண்டும். வலிமை வேறு, குற்றமின்மை வேறு.

நம் வினாவிற்கு நேரடி விடை மோதிரக் காட்சியில் உள்ளது. பசானியோவை ஏற்றபோது தன் மாளிகை, பணியாளர், தான் ஆகிய அனைத்தையும் அவனுக்கு உரிமையாக்கிய போர்ஷியா, அவற்றோடு ஒரு மோதிரத்தையும் அளித்து, அதனைப் பிரியலாகாது என்று நிபந்தனை விதித்திருந்தாள். வழக்கு முடிந்தபின் சட்ட அறிஞருக்கு நன்றிக்கடனாக அவன் அதனைக் கொடுத்துவிடுகிறான். பெல்மான்டுக்கு மீண்டு, பெண்ணுடையில் நிற்கும் போர்ஷியா, அவனைத் தன் கேள்விகளால் திணறச் செய்கிறாள். இறுதியில் அந்தோனியோ பசானியோவுக்காகப் பிணை நிற்கிறான். முன்பு நண்பனுக்காக உடலைப் பிணையாக வைத்தவன், இப்போது அவன் வாய்மைக்காகத் தன் ஆன்மாவைப் பிணையாக வைக்கிறான். நாடகத்தின் முதற் பிணை ஷைலாக்கிடம் எழுதப்பட்டது. இறுதிப் பிணை போர்ஷியாவிடம் கூறப்படுகிறது. அப்போது அவள் உடலில் ஆணுடை இல்லை. உடையைக் களைந்ததும் வலிமை நீங்கியது என்னும் கூற்று இங்கேயே தளர்கிறது.

ரோசலிந்து: காதலைக் கற்பித்தவள்

விரும்பிய விதமே நாடகத்தின் மொத்த வரிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ரோசலிந்துக்குரியது. சிற்றப்பனால் நாடு கடத்தப்பட்ட அவள், கானிமீடு என்னும் இளைஞன் வேடத்தில் ஆர்டன் காட்டிற்குச் செல்கிறாள். தன்மீது காதல்கொண்ட ஒர்லாண்டோ மரந்தோறும் கவிதைகளைத் தொங்கவிட்டிருப்பதைக் காண்கிறாள். காதல்நோயைக் குணப்படுத்துவதாகக் கூறி, தன்னை ரோசலிந்தாகக் கருதிக்கொண்டு நாள்தோறும் வந்து காதல்மொழி பேசுமாறு அவனைப் பணிக்கிறாள்.

இங்கு நகை எவர்மீது எழுகிறது? பெண்ணைக் கண்ணால் காணாது கவிதையால் மட்டும் காணும் காதலன்மீதே எழுகிறது. காதலுக்காக உயிர்துறந்தவராகக் காவியங்கள் போற்றும் திராய்லசும் லியாண்டரும் உண்மையில் வேறு காரணங்களால் இறந்தனர் என்று அவள் விளையாட்டாக மறுத்துரைக்கிறாள். மணத்திற்குப் பின் பெண்ணின் அறிவைக் கதவடைத்துப் பூட்டிவைக்க முடியாது. அது பலகணி வழியேனும் வெளியேறும் என்னும் கருத்துப்பட அவள் பேசுமிடம் எச்சரிக்கையாகவும் அமைகிறது. தன்னை மணக்கப்போகிறவன் எத்தகையவளை மணக்கிறான் என்பதை அறிந்தே மணக்கவேண்டும் என்று அவள் கருதுகிறாள்.

மாற்றுடை இங்கு அளிக்கும் பயன் வாய்ப்பு மட்டுமே. அவ்வாய்ப்பை என்ன செய்வது என்று அறிந்திருப்பது ரோசலிந்தின் அறிவு. குருதி தோய்ந்த துணியைக் கண்டு அவள் மயங்கி வீழும் காட்சியும் உண்டு. அது வலிமைக் குறைவு ஆகாது. காதலை நகையாடிய அறிவும் காதலில் ஆழ்ந்த நெஞ்சும் ஒருத்தியிடமே உள்ளன என்பதற்குச் சான்று. இறுதியில் நான்கு திருமணங்களும் அவள் முன்கூட்டிப் பெற்ற வாக்குறுதிகளின்படியே நிறைவேறுகின்றன. மேலும், நாடகத்தின் பின்னுரையைப் பெண்பாத்திரம் கூறுவது வழக்கமன்று என்று கூறிக்கொண்டே அதனைக் கூறுபவளும் ரோசலிந்துதான். அவையோரிடம் விடைபெறும் இறுதிச் சொல் அவளுடையது.

வயோலா: ஆணுடை வலிமை தராத இடம்

வலிமை ஆணுடையால் வருவதாயின், அவ்வுடையில் மிக நீண்டநேரம் நிற்கும் வயோலா மிக்க வலிமை பெற்றிருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் இரவில் நிகழ்வது இதற்கு மாறானது. கப்பல் உடைந்து இல்லிரியா நாட்டில் கரையேறிய வயோலா, செசாரியோ என்னும் பெயருடன் கோமகன் ஒர்சினோவிடம் பணிக்குச் சேர்கிறாள். ஒர்சினோவின் காதல் தூதாக ஒலிவியாவிடம் செல்கிறாள். ஒலிவியா தூதுவனையே காதலிக்கத் தொடங்குகிறாள். வயோலாவோ தன் தலைவனையே காதலிக்கிறாள். இச்சிக்கலை அவிழ்ப்பது தன்னால் இயலாது, காலமே அவிழ்க்கவேண்டும் என்று அவள் ஒதுங்குகிறாள். ஆணுடை அவளை வாட்போர்வரை இழுத்துச் செல்கிறது. காதலை வெளியிடவொட்டாமல் வாயையும் கட்டுகிறது. அதே வகை உடை ரோசலிந்துக்குத் துணையாயிற்று, வயோலாவுக்குத் தளையாயிற்று.

ஆயினும், வயோலாவை வலிமையற்றவள் என்று கூறிவிட முடியாது. பெண்களால் ஆண்களைப்போல் ஆழமாகக் காதலிக்க இயலாது என்று ஒர்சினோ கூறும்போது, தன் தந்தைக்கு ஒரு மகள் இருந்ததாகவும், அவள் தன் காதலை ஒருபோதும் வெளியிடாது உள்ளேயே தேய்ந்ததாகவும் கூறி அவன் கூற்றை மறுக்கிறாள். தன் கதையையே பிறர் கதையாக்கி உண்மையை உரைக்கும் அத்திறமே அவள் வலிமை. தொல்காப்பியப் பொருளியல் பெண்பாற்குரியனவாகக் கூறும் பண்புகளுள் செப்பும் அறிவும் இடம்பெறுதலை இங்கு நினைவுகூரலாம். சொல்லத் தகுவனவற்றைத் தக்கவாறு சொல்லுதலே செப்பு.

இந்நாடகத்தில் வேறு இரு பெண்களும் உள்ளனர். ஒலிவியா தன் இல்லத்தைத் தானே ஆள்பவள். கோமகனின் வேண்டுகோளை மீண்டும் மீண்டும் மறுப்பவள். அவளுடைய பணிமகள் மரியா, ஒரு போலி மடலால் மல்வோலியோவின் தற்பெருமையை ஊரறியச் செய்பவள். இவ்விருவரும் ஆணுடை அணிந்தவர் அல்லர். மற்றொரு நுட்பமும் உண்டு. வயோலாவின் பெண்ணுடை அவளைக் காப்பாற்றிய மாலுமித் தலைவனிடம் உள்ளது. அவனோ மல்வோலியோவின் வழக்கால் சிறையில் இருக்கிறான். அதனால் நாடகம் முடியும்வரை வயோலா ஆணுடையிலேயே நிற்கிறாள். உடை களைதலும் உரிமை இழத்தலும் என்னும் வாய்பாடு இந்நாடகத்திற்குச் சிறிதும் பொருந்தவில்லை.

பியாட்ரிசு: மாற்றுடை அணியாதவள்

வெற்று ஆரவாரத்தில் வரும் பியாட்ரிசு ஒருமுறையும் ஆணுடை அணிவதில்லை. ஆயினும், சொல்லாடலில் அவளுக்கு நிகரானவர் மெசினா நகரில் பெனடிக்கு ஒருவனே. மணவிழாவில், தன் மணமகளாகிய ஹீரோ கற்பிழந்தவள் என்று கிளாடியோ எல்லோர் முன்னிலையிலும் பழிதூற்றுகிறான். பெற்ற தந்தையே அதனை நம்பி, மகள் இறந்தொழிவதே நன்று என்கிறான். ஹீரோவுக்குப் பேச வாய் எழவில்லை. அந்நேரத்தில் அவள் மீது பொய்ப்பழி சுமத்தப்பட்டுள்ளது என்று உறுதியாகக் கூறுபவள் பியாட்ரிசு. முந்திய இரவு அவளோடு துயின்றாயா என்று கேட்கப்பட்டபோது, இல்லை, ஆனால் அதற்கு முன் ஓராண்டுக்காலம் அவளோடே துயின்றேன் என்று உண்மையை மறைக்காது கூறுகிறாள். தன் வாதத்திற்குக் கேடாகும் எனினும் பொய் கூறாத இவ்வுறுதியே தறுகண்மை.

அதன்பின் தன்னைக் காதலிப்பதாகக் கூறும் பெனடிக்கிடம், கிளாடியோவைக் கொல்லுமாறு அவள் கேட்கிறாள். தான் ஆணாக இருந்திருக்கலாகாதா என்று அவள் வெகுளும் இடமும் இதுவே. விரும்பியதால் ஆணாகிவிட முடியாது என்பதையும் அவளே உணர்ந்து கூறுகிறாள். மற்ற நாயகியருக்கு வாய்த்த மாற்றுடை இவளுக்கு வாய்க்கவில்லை. எனவே சொல்லால் ஒருவனை நீதியின் பக்கம் நிறுத்துகிறாள். பெனடிக்கு தன் நண்பனையே போருக்கு அழைக்கிறான். பழியை வெளிப்படுத்துவது ஊர்க்காவலர் என்பது உண்மை. ஆனால், அது வெளிப்படுமுன்பே ஓர் ஆண் ஒரு பெண்ணின் சொல்லை நம்பித் தன் நட்பைத் துறந்தான் என்பதே இந்நாடகத்தின் அறநிகழ்வு.

எல்லைகள்

இந்நாடகங்கள் பெண்விடுதலை நாடகங்கள் என்று கொள்வது மிகையாகும். வெற்று ஆரவாரத்தின் இறுதியில் பியாட்ரிசின் வாய் முத்தத்தால் அடைக்கப்படுகிறது. அதன்பின் அவளுக்குப் பேச்சில்லை. பழைய பதிப்புகளில் அக்கூற்று அவளுடைய பெரியவரான லியோனேட்டோவுக்கு உரியதாக அச்சிடப்பட்டிருந்தது. 18ஆம் நூற்றாண்டு முதல் பதிப்பாசிரியர் அதனைப் பெனடிக்குக்கு உரியதாக்கினர். யார் கூற்றாயினும் அவள் மௌனம் மாறவில்லை.

அடங்காப்பிடாரியை அடக்குதல் என்னும் முந்திய நாடகம் இதனினும் கடுமையானது. அதன் இறுதியில் கேதரினா நிகழ்த்தும் 44 வரி உரையே அந்நாடகத்தின் மிக நீண்ட பேச்சு. அது கணவனுக்குப் பணிதலை வலியுறுத்துவது. சொல்வன்மை பெண்ணின் பணிவுக்கும் கருவியாகலாம் என்பதற்கு இது சான்று. எனினும், அம்முடிவு அக்காலத்திலேயே கேள்விக்குள்ளாயிற்று. ஏறத்தாழ 1611இல் ஜான் பிளெச்சர் அதற்கு மறுமொழியாக மற்றொரு நாடகம் எழுதினார். அதில் பெட்ரூச்சியோவின் இரண்டாம் மனைவி மரியா அவனையே அடக்குகிறாள். 1633இல் அரசவையில் இரு நாடகங்களும் அடுத்தடுத்து நடிக்கப்பட்டன.

தமிழ் மேடையும் வகுப்பறையும்

இந்நாடகங்கள் தமிழ் மேடைக்கு அயலானவை அல்ல. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், வெனிசு நகர வணிகனை வாணீபுர வணிகன் என்றும், மற்றொன்றை விரும்பிய விதமே என்றும் தமிழாக்கினார். அச்சபையிலும் பெண்வேடங்களை ஆடவரே ஏற்று நடித்தனர். ஆதலின், ஆடவன் பெண்ணாகி, அப்பெண் மீண்டும் ஆணாகும் இலண்டன் மேடையின் நிலை தமிழ் மேடைக்கும் உரியதாயிற்று. இதனைச் சுட்டிக்காட்டுதல், நாடக வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்குப் பயன்தரும்.

இப்பாத்திரங்களை வகுப்பில் அறிமுகப்படுத்தும்போது, எவள் ஆணுடை அணிந்தாள் என்னும் வினாவோடு நின்றுவிடாமல், மூன்று வினாக்களை மாணவரிடம் எழுப்பலாம். இக்காட்சியில் பிறர் அறியாத எதனை இவள் அறிந்திருக்கிறாள்? அவ்வறிவை எச்சொல்லால் வெளிப்படுத்துகிறாள்? அவையின் நகை எவர்மீது விழுகிறது? இவ்வினாக்கள் வேறு நாடகங்களுக்கும், திரைப்படங்களின் நகைச்சுவைக் காட்சிகளுக்கும்கூடப் பொருந்துவன. பெண்ணின் பேதைமையைக் காட்டியே நகை விளைவிக்கும் காட்சியையும், பெண்ணின் அறிவால் நகை விளையும் காட்சியையும் மாணவர் தாமே வேறுபடுத்தி அறிவர்.

முடிவுரை

மாற்றுடை போர்ஷியாவுக்கு வாயிலாகவும், ரோசலிந்துக்கு விளையாட்டுக் களமாகவும், வயோலாவுக்குத் தளையாகவும் அமைந்தது. பியாட்ரிசுக்கு அது வாய்க்கவேயில்லை. நால்வருக்கும் பொதுவாய் நின்றவை அறிவும், அறிந்ததைத் தக்க இடத்தில் சொல்லும் ஆற்றலுமே. இவை இரவல் பெற்றவை அல்ல. ஆதலின், திருமணத்தின்போது திருப்பித் தரவேண்டியவையும் அல்ல. நாடகம் முடிவில் பழைய ஒழுங்கிற்கே திரும்புகிறது என்பது உண்மையே. ஆனால், மன்றத்தில் போர்ஷியா கூறிய வாதத்தையும், பழிக்கு எதிராகப் பியாட்ரிசு எழுப்பிய குரலையும் அவையோர் கேட்டுவிட்டனர். கேட்டதைக் கேளாததாக்கும் ஆற்றல் எந்த மணவிழாவுக்கும் இல்லை.